காந்தளுக்குக் கவலை இல்லையாம்!



முதலில் ஒரு கேள்வி. விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விருதுநகர் மாவட்டத்தில் வாழும் இரண்டு உயிர்களைச் சொல்கிறேன். ஒன்று செங்காந்தள். ஐப்பசி மழை விழுந்ததும் வேலியிலும் புதரிலும் கொடியாக ஏறி, கார்த்திகையில் தீக்கொழுந்து போலப் பூக்குமே, அதுதான். நம் மாநில மலர். மற்றொன்று நாட்டுக் குரங்கு. சதுரகிரி அடிவாரத்திலும் செண்பகத்தோப்பிலும் உங்கள் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடுமே, அது. இவ்விரண்டில் உலகத்திலிருந்தே மறைந்துபோகும் ஆபத்து எதற்கு அதிகம்?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் கேட்டேன். ஓரிருவர் தவிர எல்லோரும் "காந்தளுக்குத்தான்" என்றார்கள். "குரங்குக்கு என்ன சார் ஆபத்து? அதனாலே நமக்குத்தான் ஆபத்து!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வர, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் என்னும் அமைப்பு 1964 முதல் தயாரித்து வரும் சிவப்புப் பட்டியலைப் புரட்டினால், விடை தலைகீழாக இருக்கிறது. நாட்டுக் குரங்கு 'அழிவாய்ப்புள்ளது' என்ற பிரிவில் இருக்கிறது. செங்காந்தளோ 'கவலை குறைந்தது' என்ற பிரிவில்!

இதென்ன விந்தை? தினமும் கண்ணில் படுவதற்கு ஆபத்தாம். தேடினாலும் எளிதில் கிடைக்காததற்குக் கவலை இல்லையாம். பட்டியல் தவறா, அந்த வகுப்பு தவறா? இரண்டுமே தவறில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் இந்த இருவரின் முகவரியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டுமானால் என்ன எழுதுகிறோம்? பெயர், தெரு, ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம். உயிரியலின் வகைப்பாடும் அப்படிப்பட்ட முகவரிதான். சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம். இந்த முறைக்கு அடித்தளம் இட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். அவர் 1753-இல் தாவரங்களுக்கு ஒரு நூல் வெளியிட்டார். செங்காந்தளுக்கு 'குளோரியோசா சூப்பர்பா' என்ற பெயர் அந்த நூலில்தான் கிடைத்தது. 1758-இல் விலங்குகளைப் பற்றிய தம் நூலின் பத்தாம் பதிப்பில் குரங்குகளையும் மனிதனையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, அதற்குப் 'பிரைமேட்ஸ்' என்று பெயரிட்டார். 'முதன்மையானவை' என்று பொருள். பெயர் வைத்தவரும் அதே வரிசையைச் சேர்ந்தவர் அல்லவா? வேறு எப்படிப் பெயர் வைப்பார்!

நாட்டுக் குரங்கின் முகவரி இது: விலங்கு உலகம், முதுகுநாணுள்ளவை, பாலூட்டிகள், பிரைமேட்டுகள், செர்க்கோபித்தேசிடே குடும்பம், மக்காக்கா பேரினம், ரேடியேட்டா சிற்றினம். 'ரேடியேட்டா' என்றால் கதிர்போல் விரிந்தது. அதன் உச்சந்தலையைப் பாருங்கள். நடு வகிடு எடுத்து, மயிர் நாற்புறமும் விரிந்து, குல்லாய் வைத்தாற்போல் இருக்கும். 1812-இல் பெயரிட்ட பிரெஞ்சு அறிஞர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் அதைத்தான் கவனித்தார். நீங்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். இந்தக் குரங்கு பழத்தை உடனே விழுங்காது. கன்னத்துக்குள் உள்ள பையில் அடக்கிக்கொண்டு, மரத்தில் ஏறிய பிறகு நிதானமாகத் தின்னும். மேலே மலையில் வாழும் கருமந்திக்கு அந்தப் பை கிடையாது. இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் துணைக்குடும்பம் வேறு. கன்னத்தைப் பார்த்தே முகவரியில் ஒரு வரி எழுதிவிடலாம்.

செங்காந்தளின் முகவரி: தாவர உலகம், பூக்கும் தாவரங்கள், ஒருவித்திலைப் பிரிவு, லிலியேல்ஸ் வரிசை, கோல்ச்சிகேசி குடும்பம், குளோரியோசா பேரினம், சூப்பர்பா சிற்றினம். ஒருவித்திலைத் தாவரம் என்பதற்குச் சாட்சி பூவிலேயே இருக்கிறது. இதழ் ஆறு, மகரந்தத் தாள் ஆறு, சூலக அறை மூன்று. எல்லாம் மூன்றின் மடங்கு. இலையின் நுனி சுருண்டு பற்றுக் கம்பியாகி வேலியைப் பிடித்துக்கொள்கிறது. இதழ்கள் பச்சையில் தொடங்கி மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் இரத்தச் சிவப்பாகின்றன. சிவகாசிப் பிள்ளைகளுக்குத் தெரியும், மத்தாப்பில் சிவப்பு வருவதற்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு வேண்டும். காந்தளுக்கு அந்தச் செலவு இல்லை!

உங்கள் தாத்தா படித்த தாவரவியல் புத்தகம் வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் செங்காந்தள் லில்லியேசி குடும்பத்தில் இருக்கும். பெந்தாம், ஹுக்கர் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் நம் பள்ளிகள் வெகுகாலம் பின்பற்றின. பிற்பாடு செல்லின் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தப் பெரிய லில்லிக் குடும்பம் ஒரே குடும்பம் அல்ல, பல குடும்பங்களின் கூட்டம் என்று தெரிந்தது. காந்தள் கோல்ச்சிகேசிக்குப் போயிற்று. இது வெறும் பெயர் மாற்றம் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவில் கோல்ச்சிகம் என்ற ஒரு செடி உண்டு. அதிலுள்ள 'கோல்ச்சிசின்' என்னும் நச்சுப்பொருள் வாதநோயின் ஒரு வகைக்கு மருந்து. அதே கோல்ச்சிசின் நம் காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. கடல் கடந்த உறவினர்கள் ஒரே நஞ்சை வைத்திருந்தார்கள். முகவரி எழுதியவர்கள்தாம் அவர்களை ஒரு வீட்டில் சேர்க்கத் தாமதித்தார்கள்.

இரண்டு முகவரிகளும் எங்கேனும் சந்திக்கின்றனவா? உலகம் என்ற வரியில்கூடச் சந்திக்கவில்லை. அதற்கும் மேலே போனால், செல்லுக்குள் உட்கரு உடைய உயிர்கள் என்ற பெருங்கூட்டத்தில் இரண்டும் சேருகின்றன. இரண்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நாமும் குரங்கும் ஒரே வரிசை. காந்தள் அவ்வளவு தூரத்து உறவு. நம் தொல்காப்பியத்து மரபியலும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கி, புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்து, மனிதரை ஆறறிவில் வைத்தது. அது வேறு நோக்கில் செய்த பாகுபாடு. குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் பரிவும் அதே ஏணியில் ஏறுகிறது என்பதுதான் என் சந்தேகம். நமக்கு அருகில் இருப்பதை முதலில் எண்ணுகிறோம். தூரத்தில் இருப்பதை அப்புறம் பார்க்கலாம் என்கிறோம்.

சான்று வேண்டுமா? உலகிலுள்ள பாலூட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் நிலையையும் சிவப்புப் பட்டியலுக்காக ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். தாவரங்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இன்னும் ஆராயப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியை அறியாதவர் உண்டா? அது 'அழிவாய்ப்புள்ளது' என்று அந்தப் பட்டியலில் ஏறியது 2024-இல்தான். நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அதில் செடிகளுக்குத் தனி அத்தியாயம் வந்தது 1991-இல். அப்போது அட்டவணையில் சேர்த்தவை ஆறே ஆறு. அந்த ஆறில் காந்தள் இல்லை. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் தாவர அட்டவணை நீண்டது.

இனி விந்தைக்கு வருவோம். குரங்குக்கு ஏன் ஆபத்து?

சிவப்புப் பட்டியல் ஓர் உயிரின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்றும் பார்க்கிறது. பத்து ஆண்டுகளில், அல்லது மூன்று தலைமுறைகளில், இவற்றில் எது நீண்டதோ அந்தக் காலத்தில், நூற்றுக்கு 30 பங்கு குறைந்து, குறைவதற்கான காரணமும் நீங்காமல் இருந்தால் 'அழிவாய்ப்புள்ளது'. 50 பங்கு என்றால் 'அருகி வருவது'. 80 என்றால் 'மிகவும் அருகிவிட்டது'. பத்து லட்சம் ரூபாய் வைத்திருப்பவர் ஏழை அல்ல. ஆனால் அவர் ஒவ்வோர் ஆண்டும் லட்ச ரூபாயை இழந்துகொண்டிருந்தால், அவரைப் பற்றிக் கவலைப்படத்தானே வேண்டும்?

2008-இல் நாட்டுக் குரங்கும் 'கவலை குறைந்தது' என்ற பிரிவில்தான் இருந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேவா சிங்கும் அவர் குழுவினரும் மைசூரைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் 1989-இலிருந்து குரங்குகளை எண்ணி வந்தார்கள். 25 ஆண்டுகளில் அங்கே அவற்றின் எண்ணிக்கை நூற்றுக்கு 65 பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாக 2017-இல் எழுதினார்கள். காரணம் தேட அதிக தூரம் போக வேண்டாம். சாலையோரத்து ஆலமரங்கள் வெட்டப்பட்டன. ஊருக்குள் வந்த கூட்டங்கள் பிடித்துக்கொண்டு போகப்பட்டன. நம் பக்கத்தில் நான்கு வழிச் சாலைக்கு முன்பு நின்ற புளியமரங்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள். இது போதாதென்று, ஒரு காலத்தில் மேற்கே தபதி, கிழக்கே கோதாவரி ஆறுகளுக்கு வடக்கே மட்டும் வாழ்ந்த செம்முகக் குரங்கு தெற்கே இறங்கி, நாட்டுக் குரங்கின் இடத்தைப் பிடித்து வருகிறது. நாட்டுக் குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இங்கே போனால் எங்கும் போயிற்று. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 'அழிவாய்ப்புள்ளது' என்று மாற்றினார்கள்.

கோயில் வாசலில் நாற்பது குரங்குகளைப் பார்த்துவிட்டு 'எங்கும் குரங்கு' என்று முடிவு செய்தோமே, அங்கேதான் நம் கண் ஏமாந்தது. தின்பதற்குக் கிடைக்கும் இடத்தில் அவை கூடியிருக்கின்றன. மற்ற இடங்கள் காலியாகி வருவதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

அப்படியானால் காந்தள் விஷயத்தில் பட்டியல் சரியா? அதன் கணக்குப்படி சரிதான். செங்காந்தள் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. ஜிம்பாப்வே நாட்டுக்கும் அதுவே தேசிய மலர். ஆப்பிரிக்காவில் வளரும் சில காந்தள்களை முன்பு தனிச் சிற்றினங்களாகப் பிரித்து வேறு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ரோத்ஷில்டியானா என்பது அவற்றில் ஒன்று. இப்போது அதையும் சூப்பர்பாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். முகவரியில் எல்லை விரிந்தால் வீடு பெரிதாகிறது; வீடு பெரிதானால் கவலை குறைகிறது!

தேவாங்குக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள தேவாங்குகள் எல்லாம் ஒரே சிற்றினம் என்று எண்ணியிருந்தார்கள். பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். இன்று இலங்கையின் செந்தேவாங்கு 'அருகி வருவது'. நம் சாம்பல் தேவாங்கு அதைவிடக் குறைந்த ஆபத்தில், 'அழிவாய்ப்பை நெருங்குவது'. ஒன்றாகவே வைத்திருந்தால் இலங்கைத் தேவாங்கின் அபாயம் கண்ணுக்குப் பட்டிருக்காது. வகைப்பாடு என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியல் என்று நினைக்கிறீர்களே, பாருங்கள், எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஓர் உயிரின் விதியே மாறுகிறது. (நம் தேவாங்குக்கென்று கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் சரணாலயத்தைத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது.)

ஆக, 'கவலை குறைந்தது' என்பது ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் கூட்டிப் பார்த்துச் சொன்ன விடை. சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் உள்ள கடைசிக் காந்தளைத் தோண்டி எடுத்தாலும் அந்த விடையில் ஓர் எழுத்துகூட மாறாது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சொன்னது உலகத்தைப் பற்றி அல்ல. தங்கள் ஊர் வேலியைப் பற்றிச் சொன்னார்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் விடைதான் சரி என்று நினைக்கிறேன்.

வேலிக்கு என்ன ஆயிற்று? கள்ளியும் கிளுவையும் நின்ற உயிர்வேலியைக் கம்பிவேலியும் சிமெண்டுச் சுவரும் தள்ளிவிட்டன. மிச்சமிருந்த தரிசில் சீமைக்கருவேலம் புகுந்துகொண்டது. பட்டாசுத் தொழிற்சாலைகளில் அறைக்கும் அறைக்கும் இடையே நிறைய வெற்றிடம் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காந்தளை வளர விடலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல யோசனைதான், ஆனால் நான் ஒப்பவில்லை. காய்ந்த புல்லும் புதரும் தீயைக் கடத்தும். வேலை செய்பவர்களின் உயிருக்காகவே அந்த இடம் சுத்தமாக வைக்கப்படுகிறது. கண்மாய்க்கரை, ஊர்ப் பொதுநிலம், மலையடிவாரத் தோட்டங்களின் வேலி, இவைதாம் காந்தளுக்கு உரிய இடங்கள்.

மற்றோர் ஆபத்து அதன் கிழங்கு. கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு; கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கங்களில் இதை வயலில் பந்தல் போட்டுச் சாகுபடி செய்கிறார்கள். விதை மருந்துக்காக ஏற்றுமதியாகிறது. காலையில் ஆட்கள் பூவுக்குப் பூ சென்று மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? வேலியில் அந்த வேலையை வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் கூலியில்லாமல் செய்கின்றன. ஆனால் சாகுபடிக்கு வேண்டிய விதைக்கிழங்கு எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்தும் வேலியிலிருந்தும்தான். பூவைப் பறித்தால் கொடி அடுத்த ஆண்டு வரும். கிழங்கைத் தோண்டினால் வராது. விதை விழுந்தாலும் அது உறங்கிக் கிடந்து, முளைத்து, கிழங்கு பருத்துப் பூக்க ஆண்டுகள் பிடிக்கும்.

குரங்குக்கு வருவோம். மா, தென்னை, கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் இதைப் படித்துக் கோபப்படலாம். கோபம் நியாயமே. பட்டியலில் பெயர் ஏறிவிட்டதால் உங்கள் அப்பாவின் நஷ்டம் குறைந்துவிடாது. தோப்புக்குள் வரும் குரங்கை விரட்டத்தான் வேண்டும். ஆனால் விரட்டுகிற அதே ஊரில்தான், பஸ் ஜன்னல் வழியாக முறுக்கு வீசி அவற்றை அழைக்கிறோம். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஓரிடத்தில் பிடித்து வேறொரு காட்டில் விட்டுவிட்டால் தொல்லை ஒழிந்தது என்பதையும் நான் நம்பவில்லை. புது இடத்தில் அவை மீண்டும் பக்கத்து ஊரைத்தான் தேடும்.

1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் வனத்துறை கணக்கெடுக்கிறது. வேலியோரத்துக் காந்தளையும் சாலையோரத்துக் குரங்கையும் கணக்கெடுக்க யார் இருக்கிறார்கள்? மைசூரில் பேராசிரியர்கள் செய்தது பெரிய கருவிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி அல்ல. ஒரே சாலையில், பல ஆண்டுகள், பொறுமையாக எண்ணினார்கள், அவ்வளவுதான். ஒரு பட்டியல் திருத்தப்படுவதற்கு அத்தகைய எண்ணிக்கை வேண்டியிருந்தது. சர்வதேச ஒன்றியமே தன் விதிகளை ஒரு நாட்டுக்கோ ஒரு வட்டாரத்துக்கோ பொருத்திப் பார்க்க வழிமுறை தந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கென்று ஒரு சிவப்புப் பட்டியல் எழுதக் கூடாதா? எழுதலாம்; எழுத வேண்டும் என்கிறேன். அதற்கு வேண்டிய எண்ணிக்கையைத் தரக்கூடியவர்கள், தினமும் அதே வேலியோரம் பள்ளிக்கு நடக்கும் நீங்கள்தான்.

கார்த்திகை பிறந்ததும் தொடங்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். வழியை ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள். நோட்டில் தேதி, இடம், வேலியின் வகை (கள்ளியா, கிளுவையா, கருவேலமா, கம்பியா), காந்தள் கொடி எத்தனை, அதில் பூத்தவை எத்தனை, காய் பிடித்தவை எத்தனை என்று எழுதுங்கள். ஒன்றுமே இல்லாத நாளில் 'இல்லை' என்று எழுத மறக்காதீர்கள். அந்தச் சொல்லும் ஒரு கணக்கு. குரங்குக் கூட்டம் கண்டால் பெரியவை எத்தனை, குட்டி எத்தனை என்று தூரத்திலிருந்தே எண்ணுங்கள். தின்ன எதுவும் கொடுக்க வேண்டாம். காந்தளைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிழங்கைத் தோண்ட வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும் வாயில் வைக்க வேண்டாம்; அது ஆளைக் கொல்லும் நஞ்சு.

மடித்து வைத்த துண்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, இன்றைய தேதியைப் போட்டு வையுங்கள்.